பிடித்த வரி எது? போர்க்காலத் த்ரில்லரிலிருந்து ஒரே ஒரு வரியைப் பொறுக்கி எடுக்க ஒரு முழு வழிகாட்டி

நாவல் அச்சுக்குப் போகிற வாரத்தில்தான் பதிப்பாளர் அதைக் கேட்பார். "பின்னட்டைக்கு ஒரு வரி வேணும் சார். உங்களுக்கே ரொம்பப் பிடிச்ச வரியா ஒண்ணு அனுப்பிடுங்க. சாயங்காலத்துக்குள்ள." நானூறு பக்கம் எழுதியவனுக்கு ஒரு வரி எடுப்பது பெரிய வேலையா என்று நினைத்துச் சரி என்றேன். பதினோரு நாள் ஆனது. அட்டை வடிவமைத்தவர் என் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

அந்தப் பதினோரு நாளில் செய்த தப்புகளையும், கடைசியில் கைகொடுத்த முறையையும் வரிசைப்படி எழுதுகிறேன். உதாரணத்துக்கு என் நாவலையே எடுத்துக்கொள்கிறேன். அடுத்தவர் வரியைக் கூறுபோட்டுப் பார்ப்பது மரியாதை இல்லை. தலைப்பைச் சொல்லப்போவதில்லை, இது விளம்பரம் அல்ல. கதைக்களம் மட்டும் தெரிந்தால் போதும்.

1942 ஏப்ரல், சென்னை. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். மார்ச் 23 அன்று அந்தமானில் ஜப்பான் படை இறங்கியது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பின் மேல் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். 9ஆம் தேதி திருகோணமலையில். அடுத்தது சென்னைதான் என்று ஊரே நம்பியது. 'இவாக்குவேஷன்' என்ற சொல் படிக்காதவர் வாயிலும் புழங்கியது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஜனங்கள் ரயிலேறினார்கள். இப்படிக் காலியான மண்ணடித் தெரு ஒன்றில், போக மறுத்துத் தங்கிவிட்ட ஒரு பாட்டியும், இருட்டடிப்பை (எதிரி விமானத்துக்கு ஊர் தெரியாதபடி விளக்குகளை அணைத்து வைப்பதை) கண்காணிக்க இரவில் ரோந்து வரும் ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் தற்காப்பு) வார்டன் ஒருவனும்தான் என் கதையின் இரண்டு முனைகள்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. வரி எங்கே போகப்போகிறது என்று முதலில் கேளுங்கள்

'பிடித்த வரி' என்று எல்லோரும் ஒரே சொல்லால் கேட்டாலும் கேட்பது ஒரே பொருளை அல்ல. பின்னட்டைக்குக் கேட்கிறார்களா, வாட்ஸ்அப்பில் சுற்ற விடும் அட்டைக்கா, வெளியீட்டு விழா மேடையில் வாசிக்கவா, பேட்டியிலா? பின்னட்டை வரியைக் கடையில் நின்றபடி ஒருவர் நாலைந்து விநாடிதான் பார்ப்பார். மேடையில் வாசித்தால் ஒரு முறைதான் காதில் விழும், திரும்பப் படிக்க முடியாது. பேட்டியில் மட்டும்தான் முன்கதை சொல்ல இடமிருக்கிறது. நான் பின்னட்டையை மனதில் வைத்துத் தேடினேன். இந்த வழிகாட்டியும் பெரும்பாலும் அதற்கானதுதான்.

2. கையெழுத்துப் பிரதியைத் திறக்காதீர்கள்

நான் செய்த முதல் தப்பு, கோப்பைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தது. மூன்றாவது பக்கத்தில் ஒரு காற்புள்ளி உறுத்தியது. திருத்தினேன். மாலைக்குள் முப்பது பக்கம் திருத்தியிருந்தேன், ஒரு வரிகூட எடுக்கவில்லை. எழுதியவனுக்குத் தன் பிரதியைப் படிக்கத் தெரியாது; திருத்தத்தான் தெரியும்.

அதனால் ஒரு வெற்றுத்தாளை எடுங்கள். நினைவில் இருக்கும் வரிகளை மட்டும் எழுதுங்கள். அரை மணி நேரம் போதும். எனக்குப் பத்தொன்பது வரி வந்தது. பிறகு பிரதியோடு ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை: ஏழு வரிகள் நான் எழுதிய மாதிரியே இல்லை. மனது அவற்றைச் சுருக்கி வைத்திருந்தது. 'அப்போது', 'மெல்ல', 'ஏதோ ஒரு' எல்லாம் உதிர்ந்திருந்தன. ஏழில் நாலு இடத்தில் மனது சொன்னதே சரி என்று பட்டு, பிரதியை அதன்படி மாற்றினேன். இந்தப் பயிற்சியால் வேறு பயன் எதுவும் இல்லாமல் போனாலும் இது ஒன்று போதும்.

இதற்கப்புறம் அச்செடுத்த தாளில், பென்சிலோடு, ஒரு முறை வேகமாகப் புரட்டுங்கள். பேனா வேண்டாம். பேனா எடுத்தால் திருத்துவீர்கள். நினைவுக்கு வராமல் போன நல்ல வரி ஒன்றிரண்டு அகப்படும்.

3. எந்தப் போருக்கும் பொருந்துவதை வெட்டுங்கள்

என் பத்தொன்பதில் முதலிடத்தில் இருந்தது என்ன தெரியுமா? "போரில் முதலில் சாவது உண்மைதான்." ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசி வரி. எழுதிய இரவில் எழுந்து நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்துப் பார்த்தேன், அவ்வளவு பெருமை. அது உலகம் முழுக்கப் பலர் பல மொழிகளில் பல காலமாகச் சொல்லிவரும் வாசகம் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது. எங்கோ படித்தது உள்ளே தங்கி, என்னுடையது போல வெளியே வந்திருக்கிறது. போர்க்கதை எழுதுகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். காரணம், போரைப் பற்றி ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்ட வாசகங்கள் அவ்வளவு.

இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். வரியைக் குருக்ஷேத்திரத்தில் வையுங்கள். பிறகு கலிங்கத்தில், ஸ்டாலின்கிராடில் வையுங்கள். மூன்றிலும் அப்படியே உட்கார்ந்தால் அது உங்கள் நாவலின் வரி அல்ல, காலண்டர் தாளின் வரி. 'கண்ணீர்', 'ரத்தம்', 'மௌனம்', 'சாம்பல்' என்ற நான்கில் இரண்டு சேர்ந்து வந்தால் சோதனைகூட வேண்டாம்.

இந்தச் சல்லடையில் பத்தொன்பதில் பதினாலு போனது. மிச்சம் ஐந்து:

"ஒரு கையால் விளக்கை அணைத்தாள், மறு கையால் பிள்ளையை அணைத்தாள்."

"புலியைச் சுட்டுவிட்டார்கள், எலிதான் தப்பிவிட்டது."

"நட்சத்திரங்களுக்கும் யாரோ இருட்டடிப்பு உத்தரவு போட்டிருந்த அமாவாசை அது."

"எம்டன் வந்தப்போ நான் கைக்குழந்தை. இப்போ என் கையிலே குழந்தை."

"அணைன்னு சொல்லாதேடா. மலையேத்துன்னு சொல்லு."

ஐந்தாவதைப் பட்டியலில் சேர்த்தது வெறும் எண்ணிக்கைக்காக. நான்கு என்று நிறுத்த மனம் வரவில்லை.

4. தகவல் சரியா?

வரலாற்றுக் கதை எழுதுகிறவர்கள் பிரதி முழுவதையும் ஒரு முறை சரிபார்ப்பார்கள். பின்னட்டைக்குப் போகும் வரியை மட்டும் தனியாக, இரண்டாம் முறை பாருங்கள். உள்ளே நூற்றெண்பதாம் பக்கத்தில் இருக்கும் தப்பை ஒருவர் பார்ப்பார், அட்டையில் இருக்கும் தப்பை ஊரே பார்க்கும்.

சாதாரண விஷயங்களை நான் சொல்ல வேண்டியதில்லை. 1942இல் மைல்தான், கிலோமீட்டர் இல்லை. அணாவும் பைசாவும் உண்டு, ஆனால் ரூபாய்க்கு நூறு பைசா என்ற கணக்கு 1957இல்தான் வந்தது. சென்னையில் டிராம் ஓடியது, 1953 வரை. இவற்றில் யாரும் தடுக்கி விழுவதில்லை. கவித்துவமாக எழுதிய இடத்தில்தான் தடுக்கி விழுகிறோம், அங்கே சரிபார்க்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றாது.

என் மூன்றாவது வரியைப் பாருங்கள். நட்சத்திரங்களுக்கும் இருட்டடிப்பு. அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் காட்சி நடப்பது கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்த இரவு, அதாவது ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஈஸ்டர் என்பதே பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி, அதற்கப்புறம் வரும் ஞாயிறு! அன்று அமாவாசையாக இருக்க வாய்ப்பே இல்லை. பௌர்ணமி கழிந்து நாலு நாள். முன்னிரவு கழிந்ததும் கடலிலிருந்து முக்கால் நிலா எழுந்து மண்ணடி மாடிகளையெல்லாம் வெள்ளையடித்திருக்கும். எத்தனை ஜன்னலில் கறுப்புத்தாள் ஒட்டினாலும் மேலிருந்து பார்க்கிறவனுக்கு ஊர் தெரிந்திருக்கும். நான் எழுதியதைவிட அது பயங்கரமான இரவு, எனக்குத்தான் தெரியவில்லை.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, மெய்ப்புப் பார்த்தவர். அவர் தேவாலயத்துக்குப் போகிறவர். ஓரத்தில் பென்சிலால் 'ஈஸ்டர் அன்று அமாவாசையா?' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். பஞ்சாங்கக் கணக்கு போட்டுப் பார்த்தேன். உண்மையான அமாவாசை சித்திரபானு வருஷம் பிறந்து ஓரிரு நாளில், ஏப்ரல் நடுவில் வருகிறது. காட்சியை அங்கே நகர்த்தலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஒரு உவமைக்காகக் கொழும்புக் குண்டுவீச்சைப் பத்து நாள் தள்ளிப் போட முடியாது. வரி போயிற்று. அந்தக் காட்சியில் இப்போது நிலா இருக்கிறது.

சொற்களுக்கும் இதே சோதனை உண்டு. இரண்டாவது வரியில் வரும் புலி நிஜம். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று, பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலி முதலான ஆபத்தான விலங்குகளை அந்த ஏப்ரலில் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சென்னைக்காரர் யாரும் 'மிருகக்காட்சி சாலை' என்று வாயால் சொல்லியிருக்க மாட்டார். அது 'உயிர் காலேஜ்'. எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. உயிர் காலேஜ் ஓர் இரவில் செத்த காலேஜ் ஆனதை எழுத வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. எழுதி, பிறகு அடித்துவிட்டேன். காரணம் கீழே வருகிறது.

5. வாயால் சொல்லிப் பாருங்கள்

தமிழில் இந்தப் படி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். நாம் எழுதுகிற தமிழ் ஒன்று, பேசுகிற தமிழ் ஒன்று. நாவலில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். அட்டையில் தனியாக எடுத்து வைக்கும்போது, வரி எந்தத் தமிழில் இருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

நான்காவது வரியைச் சொல்லிப் பாருங்கள். "எம்டன் வந்தப்போ நான் கைக்குழந்தை. இப்போ என் கையிலே குழந்தை." கணக்கு சரிதான். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது 1914 செப்டம்பர் 22 இரவு. அன்று கைக்குழந்தை என்றால் 1942இல் இருபத்தெட்டு வயது, மடியில் பிள்ளை இருக்கும். இரண்டு போரும் ஒரே பெண்ணின் மடியில் வந்து சேர்கின்றன. கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்று இன்றைக்கும் சொல்கிற ஊர் இது, வாசகருக்கு விளக்கமே தேவையில்லை.

ஆனால் சத்தமாகச் சொன்னபோது, சொல்லி முடித்ததும் கைதட்டலுக்கு ஒரு விநாடி இடைவெளி விடத் தோன்றியது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பயத்தில் இருக்கிற பெண் 'கைக்குழந்தை', 'கையிலே குழந்தை' என்று சொல் விளையாட மாட்டாள். அது பஞ்ச் டயலாக். அவள் வாயில் நான் என் நாக்கை வைத்திருந்தேன். நாவலுக்குள் அதை இப்படி மாற்றினேன்: "எம்டன் வந்தப்போ நான் பொறந்து மூணு மாசமாம். அம்மா சொல்லுவா." அட்டைக்கு உதவாத வரி, அவள் சொல்லக்கூடிய வரி.

முதல் வரிக்கும் அதே கதிதான். விளக்கை அணைப்பதும் பிள்ளையை அணைப்பதும் ஒரே வினைச்சொல்லில் நடப்பது தமிழ் கொடுத்த வரம். வேறு மொழியில் இதை எழுத முடியுமா என்று ஒரு மாதம் பூரித்தேன். வாயால் சொன்னால், கேட்கிறவர் முகத்தில் வருவது ஒரு சின்னப் புன்னகை. சிலேடையைக் கண்டுகொண்ட புன்னகை. அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருக்கிறது, பிள்ளை அலறுகிறது, வாசகர் புன்னகைக்கிறார். த்ரில்லரில் அந்த இடத்தில் புன்னகை வந்தால் காட்சி செத்தது.

இப்போது ஐந்தாவது. அதை வாயால் சொன்னபோது நடந்ததைச் சொல்ல, கொஞ்சம் பின்னணி வேண்டும்.

நம் வீடுகளில் பழைய மனுஷிகள் சாமி விளக்கை 'அணை' என்று சொல்ல மாட்டார்கள். அது அபசகுனம். விளக்கு மலையேறும். சில வீடுகளில் அமர்த்துவார்கள், சிலர் குளிர வைப்பார்கள். 1942இல் இந்தப் பெண்களின் வாசலில் ராத்திரி வந்து நின்று 'விளக்கை அணை, விளக்கை அணை' என்று கத்துவதுதான் வார்டனின் வேலை. அரசாங்க உத்தரவும் பாட்டியின் நாக்கும் மோதிக்கொள்கிற இடம் அது. இது முதல் வரைவில் இப்படி இருந்தது:

"விளக்கை அணை என்று சொல்லக் கூடாதப்பா, அது அபசகுனம். மலையேற்று என்றுதான் சொல்ல வேண்டும்," என்று பாட்டி வார்டனுக்கு எடுத்துச் சொன்னாள்.

பாட்டி பேசவில்லை, பாடம் நடத்துகிறாள். அபசகுனம் என்பதை அபசகுனம் என்று சொல்வதே அவளுக்கு ஆகாது. இரண்டாவது வரைவு: "அணைன்னு சொல்லாதேப்பா. மலையேத்துன்னு சொல்லு." விளக்கம் போயிற்று, பேச்சு வந்தது. ஆனால் 'ப்பா' இடித்தது. 'ப்பா' பொதுவான சொல்; பால்காரனையும் அப்படிக் கூப்பிடலாம், முன்பின் தெரியாதவனையும் கூப்பிடலாம்.

கதைப்படி அந்தத் தெருவின் வார்டன் அதே தெருவில் வளர்ந்த பையன். அவள் கையால் சாப்பிட்டவன். இருட்டில் முகம் தெரியாது, டார்ச்சின் கண்ணாடியிலும் தாள் ஒட்டியிருக்கிறது. வாசலில் நிற்பது அவன்தான் என்று அவள் நினைக்கிறாள். அப்படியானால் 'டா'தான் வரும். மூன்றாவது வரைவு: "அணைன்னு சொல்லாதேடா. மலையேத்துன்னு சொல்லு." அடுத்த வரி, "வாசலில் நின்றவன் பதில் சொல்லவில்லை."

இதை எழுதிய நாளில் அது எனக்கு ஒரு நடுத்தரமான வேடிக்கை வரி. மேஜைமுன் உட்கார்ந்து உரக்கச் சொன்னபோதுதான் முதுகு சில்லிட்டது. அவள் வளர்த்த பையன் அவள் வீட்டு வாசலில் 'அணை' என்று கத்தியிருக்கவே மாட்டான். மலையேத்து என்று சொல்லி வளர்ந்தவன் அவன். 'டா' போட்டதும் 'சரி பாட்டி' என்றாவது சொல்லியிருப்பான். பாட்டி திருத்துவது ஒரு அந்நியனை. அவளுக்கே அது மூன்று அத்தியாயம் கழித்துத்தான் தெரியப்போகிறது. அந்த ஒரு 'டா' இல்லாவிட்டால் நாவலின் முடிச்சே இல்லை. நான் அதைத் திட்டமிட்டு வைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முடிச்சைப் பிறகுதான் போட்டேன், நூல் ஏற்கெனவே அங்கே கிடந்தது.

நீங்களும் சொல்லிப் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். விளிச்சொல்லை மாற்றி மாற்றி வையுங்கள்: ப்பா, டா, ங்க, தம்பி, சார். எதை வைத்தாலும் வரி கெடவில்லை என்றால், அதைப் பேசுகிற ஆள் இன்னும் உங்களுக்குத் தெரியவில்லை.

6. இரண்டு பேரிடம் கொடுங்கள், இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்

நாவலைப் படித்தவர் ஒருவர், படிக்காதவர் ஒருவர். வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். நான் நடத்தினேன். நாற்பது பேர் எம்டன் வரிக்குக் கை தூக்கினார்கள், சிலேடைக்குத் தமிழ் ஆசிரியர்கள் அனைவரும்.

படிக்காதவரிடம் 'பிடித்திருக்கிறதா' என்று கேட்பதில் பயனில்லை. வரியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். என்ன கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள். சிலேடை வரிக்கு என் தங்கை "சூப்பர்ண்ணா" என்றாள், தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பாட்டி வரிக்கு, "யாரு இப்படிச் சொல்றது? எதுக்கு அணைக்கச் சொல்றாங்க, கரண்ட் போயிடுச்சா?" என்றாள். கேள்வி கேட்கிறவர் புத்தகத்தைத் திறப்பார்.

படித்தவரிடம் வேறு கேள்வி: இந்த வரியை முதலிலேயே அட்டையில் பார்த்திருந்தால் கதை கெட்டிருக்குமா? த்ரில்லருக்கு இது உயிர்நாடி. எலி வரி இங்கே விழுந்தது. 'எலி தப்பிவிட்டது' என்றால் உளவாளி ஒருவன் இருக்கிறான், பிடிபடவில்லை, இரண்டும் தெரிந்துவிடும். பாட்டி வரியோ எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. முன்னால் படிக்கிறவருக்கு அது ஒரு கிழவியின் சாத்திரம், முடித்துவிட்டு அட்டையைத் திருப்புகிறவருக்கு வேறொன்று. ஒரே வரி, இரண்டு தடவை விலை போகிறது.

7. செத்தவர்கள் பக்கத்தில் நின்று படியுங்கள்

எலி வரியை நான் விட்டதற்கு, கதை வெளிப்பட்டுவிடும் என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ஜப்பான் பக்கமிருந்து இங்கே ரகசியமாக வந்தவர்கள் எல்லோரும் கூலிக்கு வந்தவர்கள் அல்ல. பினாங்கில் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் மலபார்க் கரையில் இறங்கிப் பிடிபட்டவர்களும் அவர்களில் உண்டு. அவர்களோடு சேர்த்து விசாரிக்கப்பட்டவர்களில் நால்வரை 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். வக்கம் காதர் அவர்களில் ஒருவர். பிரிட்டிஷ் அரசுக்கு உளவாளி, நமக்குத் தியாகி. என் நாவலில் வாசலில் நின்றவன் எந்தப் பக்கத்து ஆள் என்று கடைசிவரை ஒரு சந்தேகத்தை வைத்திருக்கிறேன். உள்ளே வைத்த சந்தேகத்தை அட்டையில் 'எலி' என்று ஒரே சொல்லில் நானே தீர்த்துவைத்தால்? நாவல் எடுக்காத பக்கத்தை அட்டை எடுத்துவிடும்.

உயிர் காலேஜ் சிலேடையை அடித்ததும் இதனால்தான். கூண்டுக்குள் வைத்துச் சுடப்பட்ட மிருகங்களின் மேல் நின்றுகொண்டு சொல் விளையாடுவது எனக்கே கூசியது. அதே மாதங்களில் பர்மாவிலிருந்து காடு வழியாக நடந்தே வந்து, வழியில் செத்துப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் நம் வாசகர்கள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் உரக்கப் படிக்க உங்களுக்கே தயங்கும் வரி என்றால், அது உள்ளே இருக்கட்டும்.

8. அச்சுக்கூடத்தில் காவல் இருங்கள்

வரி முடிவானதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அட்டைக்கு முன் ஒரு விளம்பர அட்டை அடித்தார்கள், ஐந்நூறு பிரதி. எந்த அச்சகம் என்பது வேண்டாம். அங்கே தட்டச்சு செய்தவருக்கு 'மலையேத்து' எழுத்துப்பிழையாகத் தெரிந்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு திருத்திவிட்டார். கைக்கு வந்த அட்டையில் இப்படி இருந்தது: "அணை என்று சொல்லாதேடா. மலை ஏற்று என்று சொல்லு." இடைவெளியோடு. யாரையோ மலைமேல் ஏற்றச் சொல்லும் பாட்டி. 'அணை'யைப் பார்த்த ஒரு நண்பர், நாவல் முல்லைப் பெரியாறு பற்றியதா என்று கேட்டார்.

அதனால்:

பேச்சுத்தமிழ் வரி என்றால், 'இது இப்படியே இருக்க வேண்டும், திருத்த வேண்டாம்' என்று சிவப்பில் எழுதி, வரியைப் படமாகவும் சேர்த்து அனுப்புங்கள். யூனிகோடில் அனுப்பியதை அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும், அதையும் பாருங்கள். வரி எங்கே மடிகிறது என்பது கடைசிச் சரிபார்ப்பு. என் வரியில் 'மலையேத்துன்னு' நடுவில் உடைந்தால் எல்லாம் போச்சு. முதல் வாக்கியம் ஒரு வரி, இரண்டாவது அடுத்த வரி, கீழே வேறு எதுவும் வேண்டாம் என்றேன். வடிவமைப்பாளர் ஓர் அகல்விளக்குப் படம் வைத்திருந்தார். எடுக்கச் சொன்னேன். மறுபடி பேச்சை நிறுத்திவிட்டார்.

9. மேடையில் கேட்டால்

வரியைச் சொல்லுங்கள், யார் சொன்னது என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள், நிறுத்துங்கள். ஏன் பிடிக்கும் என்று கேட்டால், எந்த இடத்தில் எப்படி எழுதினீர்கள் என்று சொல்லலாம். அர்த்தம் சொல்லாதீர்கள். நான் வெளியீட்டு விழாவில் 'இது வெறும் விளக்கு அல்ல' என்று ஆரம்பித்துவிட்டேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜனவரியில் நந்தனம் மைதானத்தில் புத்தகக் காட்சி. பதிப்பாளரின் அரங்கில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். எழுபது வயது இருக்கும், ஓர் அம்மா பேத்தியோடு வந்தார். புத்தகத்தை எடுத்து முன்னட்டையைப் பார்க்காமல் நேராகத் திருப்பினார். வாய் அசைந்தது. எழுதியவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது, பேத்தியிடம்தான் சொன்னார்: "நம்ம வீட்ல மலையேத்துன்னு சொல்ல மாட்டோம். அமர்த்துன்னுதான் எங்க அம்மா சொல்லுவா." பிறகு நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே படிக்க ஆரம்பித்தார்.